காணாமற்போன ‘காண்க’ அட்டை: கூட்டு நூற்பட்டியலில் பெயரும் அதிகாரமும்

1

நூலகப் பட்டியலும் ஒரு பிரதிதான். இப்படிச் சொன்னால் நூலகத் துறை நண்பர்கள் சிரிக்கிறார்கள். பட்டியல் என்பது வேலைக்கான சாமான், அதைப்போய் யாராவது வாசிப்பார்களா என்கிறார்கள். இலக்கிய நண்பர்களுக்கோ இதெல்லாம் குமாஸ்தா சமாச்சாரம். போர்ஹேஸின் சீனக் கலைக்களஞ்சியத்தையும் அதை முன்வைத்து ஃபூக்கோ எழுதியதையும் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டி, வகைப்படுத்துவதில் அதிகாரம் இருக்கிறது என்று நாம் எழுதிக் குவித்தாயிற்று. ஆனால் நிஜமாகவே இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு வகைப்பாட்டை, மாணவர்களும் ஆய்வாளர்களும் அன்றாடம் கைவைக்கும் ஒன்றை, எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு பல்கலைக்கழக அமைப்பில் இருபது முப்பது நூலகங்கள் இருப்பதாக வச்சுக்குவோம். முன்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் இருந்தது. இப்போது கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு வந்து, எல்லா நூலகங்களுக்கும் சேர்த்து ஒரே தரவுத்தளம், வாசகர் முன்னால் ஒரே தேடல் பெட்டி என்று ஆக்கிவிட்டது. நூல், கட்டுரை, ஆய்வேடு எல்லாமே அந்தப் பெட்டிக்குள் அடக்கம். தொழிலில் இதற்கு ‘டிஸ்கவரி’ என்று பெயர். கண்டுபிடிப்பு. கொலம்பஸ் செய்த காரியத்துக்கும் இதே பெயர்தான். அங்கேயும் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே பெயர்கள் இருந்தன.

அட்டைப் பெட்டியிலிருந்து இந்தத் தேடல் பெட்டிக்கு வந்த வழியில் சிறிய பொருள் ஒன்று தொலைந்துபோயிற்று. ‘காண்க’ என்று எழுதிய அட்டை. தொலைந்தது அட்டை மட்டுமென்றால் பேச ஒன்றுமில்லை. ஒரு பொருளுக்கு வேறு பெயர்களும் உண்டு, அவற்றுள் ஒன்றை யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்ற ஒப்புதலும் அதோடு போய்விட்டது என்பதுதான் என் வாதம்.

2

அட்டைப் பட்டியலைப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு பெயரைத் தேடி இழுப்பறையைத் திறப்பீர்கள். புத்தக விவரம் இருக்காது. ‘காண்க’ என்று போட்டு வேறொரு பெயர் இருக்கும். எரிச்சல் வரும். எழுந்துபோய் இன்னொரு இழுப்பறையைத் திறக்க வேண்டும். ஆனால் அந்த எரிச்சலிலே ஒரு பாடம் இருந்தது. அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முதல் உலகப் போருக்குப் பல பத்தாண்டுகள் ‘ஐரோப்பியப் போர், 1914–1918’ என்ற தலைப்பையே வைத்திருந்தது. இரண்டாம் போரும் முடிந்து, முதல் போரை ‘உலகப் போர்’ என்றே எல்லோரும் சொல்லிவந்த காலத்திலும் பட்டியலில் அது ஐரோப்பாவின் போர்தான். ‘முதல் உலகப் போர்’ என்று தேடிப் போனவரை அட்டை அங்கே அனுப்பியது. நீ வைத்திருக்கும் பெயர் ஒன்று, நான் வைத்திருக்கும் பெயர் இன்னொன்று என்று அது வாய்விட்டுச் சொன்னது.

இதற்கு விதி எழுதியவர்களில் முக்கியமானவர் சார்லஸ் கட்டர். 1876-ல் அவர் வகுத்த அகராதிப் பட்டியல் விதிகளில், பட்டியல் போடுபவரின் சௌகரியத்தைவிட வாசகரின் சௌகரியமே பெரிது என்ற கொள்கை இருக்கிறது. நல்ல கொள்கைதான். ஆனால் எந்த வாசகர்? பெரும்பாலானவர் வழக்கில் உள்ள பெயரே தலைப்பு என்றால், சிறுபான்மையினரைப் பற்றிப் பெரும்பான்மையினர் சொல்லும் பெயர்தானே தலைப்பாகும்? ‘பொது வாசகர்’ என்ற கருத்தாக்கத்துக்குள் ஒரு குறிப்பிட்ட நிறமும் மதமும் பாலினமும் ஒளிந்திருப்பதை ஹோப் ஓல்சன் 2002-ல் வெளியான தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். பெயரிடும் அதிகாரம் என்பதே அந்த நூலின் தலைப்பு.

அவருக்கு முப்பது ஆண்டுகள் முன்பே இதைக் கத்திச் சொன்னவர் சான்ஃபோர்ட் பெர்மன். ஜாம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தபோது, ஆப்பிரிக்கர்களைக் குறிக்க அமெரிக்கத் தலைப்புப் பட்டியலில் ‘காஃபிர்ஸ்’ என்ற சொல் இருப்பதைக் கண்டார். தென்னாப்பிரிக்க வெள்ளையர் கறுப்பர்களைத் திட்டப் பயன்படுத்திய வசைச் சொல் அது. யோசித்துப் பாருங்கள்: 1964-ல் விடுதலை பெற்ற ஒரு ஆப்பிரிக்க நாடு, அதன் சொந்தப் பல்கலைக்கழகம், அதன் சொந்த மாணவர்கள், தம் மக்களைப் பற்றிய புத்தகத்தை எடுக்க வேண்டுமென்றால் தம்மைத் திட்டும் சொல்லைப் படிக்க வேண்டும். வாஷிங்டனில் யாரோ எப்போதோ எழுதிவைத்த சொல். பெர்மனின் நூல் 1971-ல் வந்தது.

3

அதே 1971-ல்தான் இன்னொன்றும் நடந்தது. ஓஹையோ மாநிலக் கல்லூரிகள் 1967-ல் ஃபிரெடரிக் கில்கோர் தலைமையில் ஒரு மையம் அமைத்திருந்தன. 1971 ஆகஸ்ட் 26 அன்று ஓஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகத்தில், கணினி வலை வழியாக ஒரு நூலைப் பட்டியலிடும் வேலை தொடங்கியது. ஒரு நூலகம் ஒரு நூலுக்குப் பதிவு போட்டுவிட்டால் மற்ற நூலகங்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1901 முதலே அச்சிட்ட அட்டைகளை மற்ற நூலகங்களுக்கு விற்றுவந்தது. பகிர்வு என்பது புதிதல்ல. வேகமும் அளவும்தான் புதிது. அந்த ஓஹையோ மையம்தான் இன்று ஓ.சி.எல்.சி., அதன் பட்டியல்தான் வேர்ல்ட்கேட்.

இதிலே என்ன தப்பு என்று கேட்டால், தப்பு ஒன்றுமில்லை. ஒரே புத்தகத்துக்கு நூறு இடத்தில் நூறு பேர் உட்கார்ந்து அட்டை எழுதியது வீண் உழைப்பு. ஆனால் பதிவு பகிரப்பட்டபோது அதன் மேல் எழுதியிருந்த பெயரும் கூடவே போயிற்று. எந்தப் பெயர் செல்லும், எந்தப் பெயர் செல்லாது என்று தீர்மானிக்கும் கோப்புக்குத் தொழிலில் ‘அத்தாரிட்டி ஃபைல்’ என்று பெயர். அதிகாரக் கோப்பு. ஒளித்து வைக்கவேயில்லை, நெற்றியிலேயே ஒட்டியிருக்கிறார்கள். ஒரு நூலகம் தன்னிடத்தில் பெயரைத் திருத்தினாலும், மையப் பதிவு புதுப்பிக்கப்படும்போது திருத்தம் அழிந்து பழைய சொல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டியல் எல்லோருக்கும் பொது. பேனா ஒருவர் கையில்.

பெர்மன் 1973 முதல் 1999 வரை மினசோட்டாவின் ஹென்னெபின் வட்டார நூலகத்தில் தனிப் பெயர்களை உருவாக்கி, தனிக் கோப்பு வைத்துப் போராடினார். அவர் முன்மொழிந்த மாற்றங்கள் பலவற்றைப் பின்னாளில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸும் ஏற்றது. ஆனால் ஹென்னெபினில் அப்படிச் செய்ய ஒரு பெர்மன் வேண்டும், சம்பளம் கொடுக்கப் பட்டியலாளர்கள் வேண்டும். கூட்டமைப்பில் சேர்வதற்கே காரணம் அவர்கள் இல்லாததுதானே?

4

அண்மை உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். உரிய ஆவணமின்றி அமெரிக்காவில் வாழும் குடியேறிகளைப் பற்றிய நூல்களுக்கு ‘இல்லீகல் ஏலியன்ஸ்’ என்பது தலைப்பு. சட்டவிரோத அந்நியர். 1980-ல் சொற்கள் முன்பின்னாக மாறி வந்த இந்தத் தலைப்பு 1993-ல் இந்த வடிவம் பெற்றது. 2014-ல் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் இதை மாற்றக் கோரி லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்கு விண்ணப்பித்தார்கள். தங்களைப் பற்றிய புத்தகத்தைத் தேடியவர்களுக்குத் தேடல் பெட்டி தந்த பதில் அவர்களைச் சுட்டது. முதலில் மறுப்பு வந்தது. 2016 ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம் மாணவர்கள் பக்கம் நின்று தீர்மானம் போட்டது. மார்ச்சில் நூலகம் இறங்கிவந்தது, மாற்றுகிறோம் என்றது. உடனே குடியரசுக் கட்சியினர் நாடாளுமன்றத்தில் கொதித்தார்கள். ஒரு நூலகத் தலைப்பை மாற்றக்கூடாது என்று மசோதா வந்தது; நூலகத்தின் நிதி ஒதுக்கீட்டோடும் இந்தச் சொல் முடிச்சுப் போடப்பட்டது. மாற்றம் கிடப்பில் போயிற்று. கடைசியில் 2021 நவம்பரில்தான் ‘குடியுரிமையற்றோர்’, ‘சட்டவிரோதக் குடியேற்றம்’ என இரண்டாகப் பிரித்து மாற்றினார்கள். மனிதர்மேல் ஒட்டியிருந்த ‘சட்டவிரோதம்’ செயலின்மேல் நகர்ந்தது. ஏழு ஆண்டுப் போராட்டத்துக்கு அரைப் பலன்.

இடைப்பட்ட காலத்தில் கூட்டமைப்புகள் என்ன செய்தன? கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 23 வளாகங்களும் 2017-ல் ஒரே அமைப்பின்கீழ், ஒரே தேடல் பெட்டியின்கீழ் வந்திருந்தன. வாஷிங்டன் முடிவுசெய்வதற்குக் காத்திராமல் அவை தம் தளத்தில் ‘ஆவணமற்ற குடியேறிகள்’ என்று காட்டத் தொடங்கின. எப்படி? பதிவுக்குள் இருந்த சொல்லைத் தொடவில்லை. பதிவு திரைக்கு வரும் வழியில் ஒரு விதியை வைத்து, பழைய சொல் வந்தால் புதிய சொல்லாகக் காட்டு என்றார்கள். உள்ளே பழையது, வெளியே புதியது. இதே உத்தியை வேறு பல நூலகங்களும் கையாண்டன.

நான் இதை ஆதரிக்கிறேன். தேடி வந்த மாணவியின் முகத்தில் வசையை எறியாதிருப்பது அடிப்படை மரியாதை. மையம் மனம் மாறும்வரை அவள் பொறுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் முகமூடி மாட்டிய பட்டியலுக்கும் ஒரு கருத்தியல் உண்டு. புதிய சொல் எப்போதும் அங்கேயே இருந்ததுபோல் திரை காட்டுகிறது. ஏழு ஆண்டுச் சண்டை, நாடாளுமன்றத்தின் மிரட்டல், மாணவர்களின் விண்ணப்பம் எதுவும் அதில் தெரியாது. போராடிப் பெற்ற சொல்லும் தானாக வந்த சொல்லும் திரையில் ஒன்றுபோலவே நிற்கின்றன.

இதன் ஆபத்து 2025-ல் வெளிச்சமாயிற்று. அந்த ஆண்டு ஜனவரி 20 அன்று டிரம்ப் ஒரு நிர்வாக ஆணையில் மெக்சிகோ வளைகுடாவை ‘அமெரிக்க வளைகுடா’ என்றும், அலாஸ்காவின் தெனாலி மலையை மறுபடி ‘மெக்கின்லி’ என்றும் மாற்றினார். ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் தலைப்புகளும் மாறின. அரசின் பெயர் வாரியம் மாற்றினால் நூலகம் பின்தொடர வேண்டும் என்பது விதி. விதிப்படிதான் நடந்தது என்று சொல்லலாம். சரி. மாணவர்கள் கேட்ட மாற்றத்துக்கு ஏழு ஆண்டு. அதிபர் கேட்ட மாற்றத்துக்குச் சில வாரங்கள். வசைச் சொல்லை நீக்கும் திருத்தம் எந்தக் குழாய் வழியாக எல்லா நூலகங்களுக்கும் பாய்ந்ததோ, அதே குழாய் வழியாகத்தான் இதுவும் பாய்ந்தது. குழாய்க்கு அரசியல் தெரியாது. குழாயைத் திறப்பவருக்குத் தெரியும்.

5

அமெரிக்கக்காரன் பஞ்சாயத்து நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். நம் புத்தகங்கள் அந்தப் பட்டியலுக்குள் இருப்பதால்தான். பி.எல். 480 சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை விற்ற ரூபாயில் ஒரு பகுதி நூல் வாங்கச் செலவாயிற்று. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962-ல் தில்லியில் அலுவலகம் திறந்து இந்திய மொழி நூல்களையும் இதழ்களையும் வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் அதில் உண்டு. கப்பலில் போன நூல்களுக்குப் பதிவு வேண்டுமே. அப்போது புழங்கிய மார்க் கணினிக் குறியீட்டில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. சீனம், ஜப்பானியம், அரபு, ஹீப்ரு எல்லாம் பின்னால் இடம் பெற்றன. தமிழ் பல காலம் காத்திருந்தது. அதனால் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடும் போட்ட ஒலிபெயர்ப்பில் நுழைந்தன. இன்று தமிழ் எழுத்தும் சேர்கிறது. ஆனால் பழைய பதிவுகளில் ரோமன் மட்டுமே இருக்குமிடத்தில், தமிழில் தட்டினால் அந்த நூல் வராது. புதுமைப்பித்தன் பெயரை நாம் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதும்போது ‘எச்’ சேர்ப்போம். ஒலிபெயர்ப்பு விதியில் அது கிடையாது. தமிழரல்லாத ஆய்வாளர் விதியைப் படித்துத் தேடிக் கண்டெடுப்பார். தமிழர் தம் வழக்கப்படி தட்டி, ‘இல்லை’ என்று நினைத்துப் போய்விடுவார்.

இது எழுத்து விஷயம். பெயர் விஷயம் இன்னும் கனமானது. தலித் மக்களைப் பற்றிய நூல்களுக்கு அந்தத் தலைப்புப் பட்டியலில் முன்பு இருந்த சொல் ‘அன்டச்சபிள்ஸ்’, தீண்டத்தகாதோர். இன்று ‘தலித்ஸ்’. மாற்றம் சரியானது, அவசியமானது. ஆனால் இந்தப் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாற்றுச் சொற்களா? சென்னை மாகாணச் சட்டசபையில் எம்.சி. ராஜா முயன்று, பறையர், பஞ்சமர் என்ற பெயர்களுக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்று 1922-ல் அரசாணை பெற்றது ஓர் அரசியல். காந்தி 1933-ல் ‘ஹரிஜன்’ என்று வார இதழ் தொடங்கியது இன்னோர் அரசியல். அம்பேத்கர் 1948-ல் தம் நூலுக்குத் ‘தீண்டத்தகாதோர்’ என்ற சொல்லையே தலைப்பாக வைத்தது வேறோர் அரசியல். அங்கே அந்தச் சொல் குற்றம் செய்தவரைச் சுட்டுகிறது. எல்லாவற்றின்மீதும் ஒரே வண்ணம் பூசி ‘தலித்ஸ்’ என்று காட்டும் திரை, மரியாதையாகத்தான் பேசுகிறது. ஆனால் நூறாண்டு காலம் தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொள்ளப் போராடிய கதையை அது விழுங்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அத்தாரிட்டி ஃபைலுக்கு இந்தக் கதை ஓரளவு தெரியும். பழைய தலைப்புகளும் மாற்றுப் பெயர்களும் அதனுள் பதிவாகியிருக்கின்றன, ‘காண்க’ என்ற அதே உறவில். அட்டைப் பெட்டியில் வாசகர் கையில் தட்டுப்பட்டவை அவை. டிஸ்கவரித் தளங்கள் பலவற்றில் அவை வாசகர் கண்ணுக்கு வருவதில்லை. சில தளங்கள் பழைய பெயரைத் தட்டினால் புதிய பெயரின்கீழ் உள்ளவற்றையும் சேர்த்துத் தருகின்றன. ஆனால் வாய் திறக்காமல். ஏன் இது வந்தது, நீ கேட்ட பெயருக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதில்லை. நினைவு இருக்கிறது, பேச்சு இல்லை.

பேசும் இடத்திலும் யார் பேசுகிறார்கள்? தேடல் முடிவுகளில் எது முதலில் வர வேண்டும் என்று வரிசைப்படுத்தும் கணக்கு நூலகத்தினுடையதல்ல, விற்பனை நிறுவனத்தினுடையது. பிரிமோ, சம்மன் என்ற இரண்டு பெரிய தளங்களும் 2021 முதல் கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். சம்மனில் வேலையிடத்து மனஅழுத்தம் பற்றித் தேடினால், ‘பணியில் உள்ள பெண்கள்’ என்பதுதான் நீங்கள் கேட்ட பொருள் என்பதுபோல் பக்கத்தில் விளக்கம் வந்ததை மாத்யூ ரெய்ட்ஸ்மா எடுத்துக்காட்டியிருக்கிறார். கட்டரின் விதியை ஒருவர் படித்து எதிர்க்கலாம். இந்தக் கணக்கைப் படிக்கவே முடியாது.

6

அப்படியானால் பட்டியலைக் கலைத்துவிட வேண்டுமா? அவரவர் நூலகம், அவரவர் பெயர் என்று போய்விடலாமா? கேட்க இனிக்கும். விளைவு என்ன? பணமும் ஆளும் உள்ள நூலகம் அழகான பெயர்களோடு இருக்கும். இல்லாத நூலகம் மையம் தரும் பெயரோடு கிடக்கும். தமிழ் தெரிந்த பட்டியலாளர் ஒருவரும் இல்லாத ஊரில் தமிழ்ப் புத்தகம் பெட்டியைவிட்டு வெளியே வருவதே யாரோ எங்கோ போட்ட பதிவால்தான். பகிர்வை விட்டால் நம் புத்தகங்கள்தாம் முதலில் காணாமல் போகும். சரியான ஒரே பெயரைக் கண்டுபிடித்து எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையும் உதவாது. திருத்தி முடிந்த பட்டியல் என்று ஒன்று இருக்க முடியாது என்பதை எமிலி டிராபின்ஸ்கி 2013-ல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தினார். பட்டியலைத் திருத்துவதோடு, அது ஒருசார்பானது என்று வாசகருக்குக் காட்டவும் வேண்டும் என்பது அவர் வாதம். அதைக் கூட்டமைப்பின் நிர்வாகத்துக்கு நீட்ட வேண்டும் என்கிறேன்.

‘காண்க’வைத் திரையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். இந்தத் தலைப்பு முன்பு என்னவாக இருந்தது, எந்த ஆண்டு மாறியது, யார் மாற்றினார்கள் என்று ஒரு வரி போதும். வசைச் சொல்லை நெற்றியில் ஒட்ட வேண்டியதில்லை; தேடி வருபவர் திறந்து பார்க்கும்படி இருந்தால் சரி. கூட்டமைப்பு ஒரு பெயரை மாற்றினாலோ மாற்ற மறுத்தாலோ அந்த முடிவுக்குக் காரணம் எழுதி எல்லோரும் படிக்கும்படி வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், யாரைப் பற்றிய பெயரோ அவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் நூலக இயக்குநர்களும் கணினிப் பிரிவினரும் நிறுவனப் பிரதிநிதிகளும்தான்.

வாசகருக்கு நேரமில்லை, ஒரு சொடுக்கில் புத்தகம் வேண்டும், சரித்திர வகுப்பு எடுக்காதீர்கள் என்று பதில் வரும். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதனையே துணைக்கு அழைப்பார்கள். 1931-ல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது வாசகர் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. வாஸ்தவம். ஆனால் அதற்கு முந்தைய விதி ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைச் சேர்க்கச் சொல்கிறது. தன் பெயரில் தேடி, இல்லை என்று திரும்பிப் போனவரின் நேரத்தை மிச்சப்படுத்திவிட்டோம் என்று யாரும் கணக்கு எழுத முடியாது.

நம்மூரிலும் இன்ஃப்லிப்நெட் வழியாகப் பல்கலைக்கழகங்களின் கூட்டுப் பட்டியல் இருக்கிறது. தமிழ் நூல்களும் அதில் இருக்கின்றன. சாதி, சமயம், பாலினம் பற்றி இந்தப் பக்கங்களில் இவ்வளவு சண்டை போட்ட நாம், நம் நூல்கள் அங்கே எந்தப் பெயரின்கீழ் கிடக்கின்றன என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு நூலகரிடம் கேட்கலாம்: இந்தப் பெயரை வைத்தது யார், எப்போது, யாரைக் கேட்டு? கேள்வி கேட்க ஆள் இல்லாததால்தான் ‘காண்க’ அட்டை இவ்வளவு எளிதாகத் தொலைந்துபோயிற்று.